105 டிகிரி டாக்டர்

1891-ஆம் வருடம், நியூயார்க். ஓர் இளம் சர்ஜன் நோயாளிக்கு ஜுரம் பார்க்கிறார். நார்மல். முகம் தொங்கிப் போகிறது. இன்னொரு ஊசி போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். லேசாக ஏறுகிறது, இறங்கிவிடுகிறது. மனுஷருக்கு நிம்மதியே போச்சு. காய்ச்சல் குறையவில்லையே என்று கவலைப்படும் டாக்டர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காய்ச்சல் வரமாட்டேன் என்கிறதே என்று மாதக்கணக்கில் புலம்பியவர் இவர்!

பெயர் வில்லியம் கோலி. உடனே மட்டையும் கையுமாக ஒருவரைக் கற்பனை செய்யாதீர்கள், அவர் வேறு. இவருக்கு வயது 29. ஹார்வர்டில் படித்துவிட்டு வந்து, கத்தி பிடித்த கொஞ்ச காலத்திலேயே 'கெட்டிக்காரப் பையன்' என்று பேர் வாங்கியவர். அப்படிப்பட்டவருக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை? எல்லாம் ஒரு பெண்ணால் வந்தது. கதை நீங்கள் நினைக்கிற மாதிரி போகாது.

பெஸ்ஸி டாஷியலுக்கு 17 வயது. ரயில் பயணத்தில் கை நசுங்கியதில் ஆரம்பித்த வலி, சார்கோமா என்கிற புற்றுநோயாக முடிந்தது. கோலி பாடப்புத்தகம் சொன்னபடி கையை வெட்டி எடுத்தார். பாடப்புத்தகத்தில் இல்லாத வேகத்தில் நோய் உடம்பெல்லாம் பரவி, 1891 ஜனவரியில் அந்தப் பெண் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய நெருங்கிய நண்பன் ராக்ஃபெல்லர் ஜூனியர், அமெரிக்காவின் பெரும் பணக்கார வீட்டுப் பிள்ளை. அத்தனை கோடியும் அன்றைக்கு ஒரு பைசாவுக்குப் பயன்படவில்லை.

கோலி இடிந்து போனார். வேறு யாராவது என்றால் ஒரு வாரம் லீவு போட்டிருப்பார்கள். இவர் நேராக ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமுக்குப் போய்ப் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்ட ஆரம்பித்தார். சிக்கியது ஸ்டீன் என்ற ஜெர்மன் குடியேறியின் கதை. கழுத்தில் சார்கோமா. வெட்ட வெட்ட வளர்ந்தது. டாக்டர்கள் கை விரித்தார்கள். போதாததற்கு 'எரிசிபெலஸ்' என்ற தோல் தொற்று வேறு வந்து, காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. சரி, முடிந்தது கதை என்று எல்லாரும் நினைத்தபோது, கட்டி கரைய ஆரம்பித்தது. மனுஷன் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். இப்படி ஓர் அதிசயம் நடந்திருக்கிறது. அந்த ஆள் அப்புறம் என்ன ஆனார் என்று அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை!

கோலிக்குத் தோன்றியது. மன்ஹாட்டனில் ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில், அந்த ஜென்டில்மேன் சர்ஜன் மாடி மாடியாக ஏறிக் கதவைத் தட்டினார். கழுத்தில் பெரிய தழும்பு உள்ள ஜெர்மன்காரர் யாராவது இருக்கிறாரா? போனும் கிடையாது, ஆதாரும் கிடையாது. ஆனாலும் கண்டுபிடித்துவிட்டார். ஸ்டீன் ஜம்மென்று உயிரோடு இருந்தார். மருத்துவ வரலாற்றின் மகத்தான ஆய்வுக்கூடங்களில் அந்த மாடிப்படிகளையும் தாராளமாகச் சேர்க்கலாம்.

கோலி குதித்தார். காய்ச்சலைக் கொண்டுவா, கட்டி ஓடிப்போகும்! உலகத்திலேயே முதன்முதலாக... என்று சொல்ல வாயெடுத்தால், வரிசையில் அவருக்கு முன்னாலேயே ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஜெர்மனியில் வில்ஹெல்ம் புஷ் என்ற பேராசிரியர் 1860-களிலேயே ஒரு பெண்ணுக்கு வேண்டுமென்றே எரிசிபெலஸ் வரவைத்துப் பார்த்திருந்தார். கட்டி சுருங்கியது. தியரி ஜெயித்தது. நோயாளிதான் பிழைக்கவில்லை.

இன்னும் பின்னால் போனால் எகிப்தியர்கள் நிற்கிறார்கள். எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்று ஒரு மருத்துவச் சுவடி உண்டு. மூவாயிரத்து ஐந்நூறு வருடத்துப் பழசு. மார்பில் வரும் கட்டிக்கு அதில் ஒரு வைத்தியம்: தீக்கடைகோலால் சுடு. அதே சுவடி, இன்னொரு வகை மார்புக் கட்டிக்கு வைத்தியமே கிடையாது என்று ஒப்புக்கொள்கிறது. அந்த நேர்மையைப் பின்னால் வந்த பல மேதைகளிடம் பார்க்க முடியவில்லை. சுவடிக்கு வாய்த்த பேர் மட்டும் அதை எழுதிய மருத்துவருடையது அல்ல. 1862-ல் லக்ஸரில் விலைக்கு வாங்கிய அமெரிக்க வியாபாரியுடையது.

நியூயார்க்குக்கே வருவோம். கோலி ஊசி போட்டுக்கொண்டிருந்த நோயாளி ஜோலா என்ற இத்தாலியர். கழுத்திலும் தொண்டையிலும் கட்டி. சாப்பிட முடியாது, பேச முடியாது. கோலி, எரிசிபெலஸைக் கொண்டுவரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை உயிரோடு மே மாதத்திலிருந்து ஏற்றிக்கொண்டே இருந்தார். நியூயார்க் கிருமிகள் சோம்பேறிகள். கடைசியில் ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் லேபிலிருந்து வீரியமான ஒரு சரக்கு வந்து சேர்ந்தது. அக்டோபரில் ஏற்றினார். ஒரு மணி நேரத்தில் நடுக்கம், வாந்தி, 105 டிகிரி ஃபாரன்ஹீட்! ஜோலா சாகக் கிடந்தார். கட்டி அதற்கு முந்திக்கொண்டு செத்தது. இரண்டே வாரத்தில் கழுத்துக் கட்டி மறைய, ஜோலா அதற்குப் பிறகு எட்டு வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். ஒருவரைக் கிட்டத்தட்டக் கொன்று குணப்படுத்திய பெருமையில் கோலிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்தடுத்த நோயாளிகள் அவரைத் தரைக்குக் கொண்டுவந்தார்கள். சிலருக்குக் காய்ச்சலே வரவில்லை. சிலருக்கு வந்த காய்ச்சல் போகவேயில்லை, ஆளைத்தான் கொண்டுபோயிற்று. பென்சிலினும் இல்லாத காலம். ஆகவே உயிருள்ள கிருமியை விட்டுவிட்டு, செத்த கிருமிகளைக் கலந்து ஒரு மருந்து தயாரித்தார். அதுதான் 'கோலியின் டாக்சின்'. மருந்துக்குப் பேர் வைக்கச் சொன்னால், உலகத்தில் எந்த மார்க்கெட்டிங் மேனேஜரும் 'விஷம்' என்று வைத்திருக்க மாட்டார்.

அந்தக் கலவையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குத் துணையாகப் போன இரண்டாவது கிருமி இருக்கிறதே, அது ஒரு தனி ஹீரோ. 1819-ல் இத்தாலியில் பதுவா பக்கத்தில் ஒரு விவசாயி வீட்டு மக்காச்சோளக் களி ராத்திரியோடு ராத்திரியாக ரத்தச் சிவப்பாகிவிட்டது. சாத்தானின் வேலை என்று ஊரே நடுங்கியது. பிஸியோ என்ற மருந்தியல்காரர்தான் இது நுண்ணுயிரி பண்ணுகிற சேட்டை என்று நிரூபித்தார். செராஷியா என்று பேரும் வைத்தார், செராட்டி என்ற இயற்பியல்காரரின் நினைவாக. செராட்டிக்கும் களிக்கும் சம்பந்தமே கிடையாது. நீராவிப் படகில் அவருடைய சாதனையை உலகம் மறந்துவிட்டதாம்; அந்த வருத்தத்தை பிஸியோ ஒரு கிருமியிடம் தீர்த்துக்கொண்டார்.

செத்த கிருமிகளின் முதல் பெரிய வெற்றி 1893 ஜனவரியில் வந்தது. ஜான் ஃபிக்கன் என்ற 16 வயதுப் பையன். வயிற்றை அடைத்துக்கொண்டு பெரிய கட்டி. கோலி கட்டிக்குள்ளேயே ஊசி போடுவார், ஜுரம் ஏறும், இறங்கும், மறுபடி ஊசி. நான்கு மாதத்தில் கட்டி போய்விட்டது. பையன் அதற்குப் பிறகு 26 வருடம் வாழ்ந்து மாரடைப்பில் இறந்தான். ஒரு புற்றுநோய் டாக்டருக்கு இதைவிடத் திருப்தியான மரணச் செய்தி வேறென்ன வேண்டும்?

இனி ஊர்வலம், மாலை, மேளதாளம் என்றுதானே நினைக்கிறீர்கள்? அடுத்த வருடமே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகை 'இதெல்லாம் தோல்வி' என்று தலையங்கம் எழுதிவிட்டது. பொறாமை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் நம்ம ஆள் பக்கமும் ஓட்டைகள் இருந்தன. அவர் மருந்துக்கு ஒரே ஃபார்முலா இல்லை. காலப்போக்கில் 13 வகைக்குக் குறையாமல் இருந்தன. ஒன்று வீரியம், ஒன்று வெறும் தண்ணீர். ஒருவருக்குக் கட்டிக்குள் ஊசி, இன்னொருவருக்கு இடுப்பில். சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு நாலே நாள். வேறு டாக்டர்கள் அதே பெயருள்ள மருந்தை வாங்கிப் போட்டுப் பார்த்து, ஒன்றும் நடக்கவில்லையே என்றார்கள். கோலி சளைக்காமல், 'உங்களுக்குப் போடத் தெரியவில்லை' என்கிற தொனியில் பதில் சொன்னார். பிரச்சினை என்னவென்றால், அது பாதி உண்மையும்கூட.

இன்னொரு கூத்தும் உண்டு. புற்றுநோயே ஏதோ ஒரு கிருமியால்தான் வருகிறது என்று கோலி நம்பினார். அந்தக் கிருமியைத் தன்னுடைய கிருமி அடித்துவிடுகிறது என்பது அவர் கணக்கு. நோய் எதிர்ப்பு மண்டலம் என்று ஒன்று விழித்துக்கொண்டு வேலை பார்க்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தப்பான காரணத்துக்காகச் சரியான காரியத்தைச் செய்தவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தால் கோலியை ஆயுள் தலைவராக்கலாம்.

வில்லன் இல்லாமல் படமா? ஜேம்ஸ் யூயிங். நோயியல் நிபுணர், கோலி வேலை பார்த்த அதே மெமோரியல் ஆஸ்பத்திரியில் சர்வ வல்லமை கொண்டவர். டைம் பத்திரிகை 1931-ல் அட்டையிலேயே படம் போட்ட அளவுக்குப் பெரிய மனிதர். அவருக்குப் பிடித்தது ரேடியம். டக்ளஸ் என்ற சுரங்க முதலாளி ஒரு லட்சம் டாலர் நன்கொடை கொடுத்து, யூயிங்கை வைத்துக்கொள்ளுங்கள், புற்றுநோயை மட்டும் பாருங்கள், ரேடியத்தைப் பயன்படுத்துங்கள் என்று நிபந்தனை போட்டார். அது ரேடியத்தில் பற்பசை கூட விற்ற காலம். பளபளவென்று ஒளிரும் ரேடியம் ஒரு பக்கம். நோயாளியை நடுங்க வைக்கும் கிருமிச் சாறு இன்னொரு பக்கம். நன்கொடை கொடுக்கிறவர் எதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார், நீங்களே சொல்லுங்கள்.

இதே சமயத்தில் வியன்னாவில் வாக்னர்-யாவ்ரெக் என்ற மனநல மருத்துவர் என்ன செய்தார் தெரியுமா? சிஃபிலிஸ் மூளைக்கு ஏறிச் சித்தம் கலங்கியவர்களுக்கு மலேரியாவை ஏற்றினார். உயிருள்ள, அசல், அக்மார்க் மலேரியா! ஜுரம் பல தடவை கொதித்து அடங்கிய பிறகு குவினைன் கொடுத்து நிறுத்தினார். பலர் தேறினார்கள், சிலர் மலேரியாவிலேயே போனார்கள். ஆபத்தான கிருமி வேண்டாம் என்று அதைக் கொன்று ஊசி போட்ட கோலிக்குக் கண்டனம். உயிரோடு மலேரியாவை ஏற்றியவருக்கு 1927-ல் நோபல் பரிசு.

ஜுரம் அப்போது ஃபேஷனாகிவிட்டது. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் ஷார்ட்வேவ் ரேடியோ கருவிகளுக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு உடம்பு சுட்டது. அதைக் கண்டதும் அங்கே ஆராய்ச்சித் தலைவராக இருந்த வில்லிஸ் விட்னி, ஆட்களைத் தள்ளி உட்காரச் சொன்னாரா? ஜுரம் வரவழைக்கும் மெஷினே செய்துவிட்டார்!

கோலி 1936-ல் இறந்தார். டாக்சினும் கூடவே போயிருக்க வேண்டியது. மகள் ஹெலன் மட்டும் அப்பாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதலாமே என்று பழைய பெட்டிகளைத் திறந்தார். ஆயிரக்கணக்கான கடிதங்கள், குறிப்புகள். புத்தகம் அங்கேயே நின்றது. மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத அந்தப் பெண், உட்கார்ந்து அப்பாவின் கேஸ்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, கிட்டத்தட்ட ஆயிரம் பேரின் கதையைத் தொகுத்தார். போதுமான அளவு, போதுமான நாள், நல்ல ஜுரம் வருகிற மாதிரி மருந்து கொடுத்தவர்களுக்குத்தான் பலன் என்று அதில் தெரிந்தது. அப்பா வாழ்நாள் முழுக்கச் செய்யாத ஒரு வேலையை, அதாவது ஒழுங்காகக் கணக்கு வைப்பதை, மகள் செய்து முடித்தார்.

பெரிய டாக்டர்கள் அந்த அம்மாவைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்தினார்கள். அவர் 1953-ல் சொந்தமாக ஒரு நிறுவனம் ஆரம்பித்தார்: கேன்சர் ரிசர்ச் இன்ஸ்டிடியூட். முதல் பணம் 2,000 டாலர், கொடுத்தவர் நெல்சன் ராக்ஃபெல்லர். பெஸ்ஸியின் நண்பர் ராக்ஃபெல்லர் ஜூனியர் ஞாபகம் இருக்கிறதா? அவருடைய மகன். 1965-ல் அமெரிக்கன் கேன்சர் சொசைட்டி கோலியின் டாக்சினை 'நிரூபிக்கப்படாத வைத்தியங்கள்' பட்டியலில் தூக்கிப் போட்டது. ஹெலன் அசரவில்லை. 2018-ல் புற்றுநோய்க்கு எதிராக நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பிரேக்கை விடுவித்ததற்காக ஜேம்ஸ் அலிசனும் ஹோன்ஜோவும் நோபல் வாங்கினார்களே, அந்த அலிசன்தான் அப்போது ஹெலனின் நிறுவனத்தில் அறிவியல் ஆலோசனைக் குழுவின் தலைவர்.

சரி, சூட்டுக்கு இதில் என்ன பங்கு? அதற்கு இத்தாலிக்குப் போக வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் ஃபெருச்சியோ ரிட்டோஸா என்ற விஞ்ஞானி பழ ஈக்களின் குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். யாரோ ஒரு புண்ணியவான் இன்குபேட்டரின் சூட்டைத் தெரியாமல் ஏற்றிவிட்டான். குரோமோசோம்களில் புதிதாக வீக்கங்கள்! வேறு யாராக இருந்தாலும் அந்த ஆளைத் தேடிப்பிடித்துத் திட்டியிருப்பார்கள். ரிட்டோஸா மறுபடி சூடேற்றிப் பார்த்தார். சூடு பட்ட செல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவசரமாகச் சில புரதங்களைத் தயாரிக்கிறது என்ற கதை அங்கிருந்துதான் ஆரம்பித்தது. நேச்சர் பத்திரிகைக்கு அனுப்பினார். இதற்கு உயிரியலில் முக்கியத்துவம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கு 'ஹீட் ஷாக் புரோட்டீன்' என்று தேடினால் கட்டுரைகள் கொட்டுகின்றன.

பின்னாளில் பிரமோத் ஸ்ரீவாஸ்தவா என்ற நம் நாட்டு விஞ்ஞானி அமெரிக்காவில் இருந்துகொண்டு இன்னொன்றைக் காட்டினார். இந்தப் புரதங்கள் தனியாக அலைவதில்லை. எந்தக் கட்டியிலிருந்து வருகின்றனவோ, அந்தக் கட்டியின் அடையாளத் துணுக்குகளையும் சுமந்துகொண்டு வருகின்றன. புற்றுநோய் செல்லின் ஆபத்பாந்தவன் என்று நினைத்த ஆளே, போலீஸிடம் அதன் போட்டோவையும் கொடுத்துவிடுகிறான்.

இன்றைய ஆஸ்பத்திரியில் கல்லீரல் கட்டிக்குள் மெல்லிய ஊசியைச் செருகி, ரேடியோ அலையாலோ மைக்ரோவேவாலோ 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றுகிறார்கள். 'அப்லேஷன்' என்று பேர். வேகும் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி கட்டி உறைந்துபோகிறது. எகிப்தியருடைய தீக்கடைகோலின் பேரன்தான் இது. ஸ்கேன் பார்த்துக் குத்துவான், மயக்க மருந்தும் தருவான் என்பது வித்தியாசம். செத்த செல்கள் உடைந்து சிதறுகின்றன. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் ஒற்றர்களான டென்ட்ரிடிக் செல்கள் அந்தச் சிதறலை அள்ளிக்கொண்டு நிணநீர்க் கணுக்களுக்கு ஓடி, அதன் சிப்பாய்களான டி-செல்களுக்கு எதிரியின் அடையாளத்தைக் காட்டுகின்றன. சூடு வைத்த பிறகு நோயாளிகளின் ரத்தத்தைப் பரிசோதித்தால், சிலரிடம் அந்தக் கட்டியை அடையாளம் தெரிந்த டி-செல்கள் கூடியிருக்கின்றன. ஊசி போன இடம் ஒன்று. விழித்துக்கொண்டது மொத்த உடம்பு.

ரொம்ப உற்சாகப்படாதீர்கள். இந்த விழிப்பு பெரும்பாலும் பலவீனமானது. கொஞ்ச காலத்தில் அடங்கிவிடும். சூடு வைக்காத தூரத்துக் கட்டியும் தானாகச் சுருங்குவது மிக அபூர்வம். ஒருவருக்கு அப்படி நடந்தால் டாக்டர்கள் அதைத் தனிக் கட்டுரையாகவே எழுதிவிடுவார்கள். இன்னொரு தொல்லை, விளிம்பில் அரைகுறையாகச் சூடுபட்ட புற்றுநோய் செல்கள். ரிட்டோஸாவின் அதே புரதங்களைத் தயாரித்துக்கொண்டு அவை பிழைத்துவிடக்கூடும். ஆபத்பாந்தவன் இரண்டு கட்சியிலும் உறுப்பினர்!

அதனால்தான் இப்போது சூட்டோடு கூட்டணி தேடுகிறார்கள். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் முற்றிய கல்லீரல் புற்றுநோயாளிகள் 32 பேருக்கு அப்லேஷனோடு ட்ரெமெலிமுமாப் என்ற பிரேக் விடுவிக்கும் மருந்தையும் கொடுத்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். கணக்கில் எடுக்க முடிந்த 19 பேரில் 5 பேருக்கு, சூடு வைக்காத இடத்திலும் கட்டி சுருங்கியிருந்தது. ஐரோப்பாவில் 341 சார்கோமா நோயாளிகளைக் கொண்ட ஆய்வில், கீமோவோடு கட்டியிருக்கும் பகுதியை மட்டும் மிதமாகச் சூடேற்றியபோது கீமோ மட்டும் பெற்றவர்களைவிட நல்ல பலன் தெரிந்தது. சார்கோமா! கோலியைத் தூங்கவிடாத அதே நோய்.

யூயிங் என்ன ஆனார் என்று சொல்லாமல் விட்டால் பாவம். 1943-ல் அவர் புற்றுநோயால்தான் இறந்தார். சிறுநீர்ப்பைப் புற்றுநோய். அது முற்றாமல் மேல்பரப்பிலேயே இருக்கும்போது, கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு இன்று என்ன வைத்தியம் தெரியுமா? மொராலஸ் என்ற கனடா டாக்டர் 1976-ல் ஒன்பது நோயாளிகளோடு ஆரம்பித்து வைத்தது: சிறுநீர்ப்பைக்குள் வாரம் ஒரு முறை, ஆறு வாரம், வீரியம் குறைக்கப்பட்ட ஆனால் உயிருள்ள பாக்டீரியாவை ஊற்றுகிறார்கள். நம்ம கிண்டியில் தடுப்பூசியாகத் தயாராகி, உங்கள் தோளில் தழும்பு போட்டதே, அதே பிசிஜி. நோய் எதிர்ப்பு மண்டலம் திமுதிமுவென்று வந்து சேருகிறது. பலருக்கு லேசாக ஜுரமும் வரும்.

கடைசியாக உங்களிடம் ஒரு விண்ணப்பம். 'சூடு புற்றுநோயைக் கொல்லும்' என்ற இந்த விஷயத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு, இளநீரைச் சுட வைத்துக் குடித்தால் கேன்சர் ஓடிவிடும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வருடக்கணக்காகச் சுற்றுகிறது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் தலைவர் சொன்னதாகவே போட்டிருந்தார்கள். அவர் அப்படிச் சொல்லவேயில்லை என்று மருத்துவமனையே மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. குடும்ப குரூப்பில் அந்த மெசேஜ் மறுபடி வந்தால் ஃபார்வர்டு பண்ணாதீர்கள். இளநீரைச் சுட வைக்காமல் அப்படியே குடியுங்கள். கட்டி என்று ஏதாவது கையில் தட்டுப்பட்டால் டாக்டரைப் பாருங்கள்.